ஞாயிற்றுக்கிழமைக் கடல்

நாகர்கோவிலில் போன் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு மனிதர்கள்மேல் இருந்த ஆர்வமெல்லாம் வடிந்துவிட்டது. கம்பெனி அங்கீகாரம் பெற்ற கடை என்று வெளியே பலகை தொங்குகிறது. அதனால் கம்பெனிமேல் உள்ள கோபத்தையெல்லாம் ஜனங்கள் என் மேஜையில் கொட்டிவிட்டுப் போவார்கள். வீட்டு முன்னால் குவிந்த குப்பையைப் படம் எடுத்தால் குப்பை வரவில்லை, நான் எப்படிப் புகார் கொடுப்பது என்று ஒருவர் கத்துவார். கிணற்றடியில் நின்ற நாய் படத்தில் இல்லை, அது இப்போது செத்துப்போய்விட்டது என்று ஓர் அம்மா அழுவார். இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். கொத்தனார் பூசிவிட்டான்.

கொத்தனார் என்பது கடையில் நாங்கள் வைத்த பேர். இப்போது வருகிற போன்கள் பழைய மாதிரி படம் பிடிப்பதில்லை. உள்ளே வந்த வெளிச்சத்தை ஒரு நோட்டம் விட்டு, இது இன்ன இடம் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் இதுவரை ஊர் உலகம் எடுத்த படங்களையெல்லாம் வைத்து நல்லதாக ஒன்றைச் செய்து கொடுக்கும். விரிசல், கறை, மேகமூட்டம், குறுக்கே போகிறவன் தலை, எல்லாம் பூசி மெழுகப்பட்டுவிடும். ஜனங்களுக்கும் இது பிடித்துத்தான் இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தலின் கிழிசல் படத்தில் தெரியாமல் போனால் யாருக்குக் கசக்கும்?

பிரிஸ்கா வந்தபோது நான் கடையை மூடிக்கொண்டிருந்தேன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மீன்வலைக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் என்பது விரல்களில் இருந்த நூல் வெட்டுக்களைப் பார்த்ததுமே தெரிந்தது. நாளைக்கு வா என்றேன். பாறைத்துறையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு, நான் சரி சொல்வதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போனைத் திறந்து காட்டினாள். ஒரே சாயங்காலம், ஒரே கடல், ஒரே சூரியன். நூற்றுக்கணக்கான படங்கள். பாறைத்துறையின் பெரிய பாறைமேல் நின்று சுற்றுலாக்காரர்கள் எடுத்தவை. உள்ளங்கையில் சூரியனை வைத்துக்கொண்டு ஒருவன், சூரியனைத் தின்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஒருத்தி, இரண்டு கைகளாலும் இதயம் காட்டி நடுவில் சூரியனை அடைத்த ஒரு புதுத் தம்பதி. பின்னால் வானம் செம்பருத்திப் பூவாகச் சிவந்து கிடந்தது. கடல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இந்தப் படத்துல ஒரு வள்ளம் இருக்கணும் அண்ணே. அத எடுத்துத் தாங்க," என்றாள்.

அவள் சொன்ன கதை இது. புருஷன் பேர் ரெஜின். சின்ன ஃபைபர் வள்ளம் ஒன்று வைத்துக்கொண்டு கரைப்பக்கமாகத் தொழில் செய்கிறவன். ஓணம் முடிந்த சனிக்கிழமை அவனுடைய வலை கடலுக்கடியில் பாறையில் சிக்கிக்கொண்டது. அடையாளத்துக்கு ஒரு போயா மிதவையைக் கட்டிவிட்டு வந்தான். மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பது அந்தக் கரையில் பாட்டன் பூட்டன் காலத்துக் கட்டுப்பாடு. பூசை கேட்கிற நாள், வலை உலர்கிற நாள். மீறினால் ஊர்க் கமிட்டியில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஆனால் கடல் ஏறிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை வரைக்கும் வலை தாங்காது. மத்தியானத்துக்குமேல் ஊரே ஃபுட்பால் மைதானத்தில் கூடியிருந்தபோது, பாறைக்கு அப்பால் உள்ள சின்ன மணல் திட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லியிருந்தான். போனவன் வரவில்லை.

இருட்டிய பிறகு அவள் ஊரை எழுப்பினாள். ஊர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை எவன் கடலுக்குப் போவான்? மறுநாள் தேடினார்கள். கடல் கொந்தளித்துக் கிடந்தது, ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் பேச்சு கிளம்பியது. வள்ளத்தைக் கொல்லம் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டான், புருஷன் பெண்டாட்டி சண்டை சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும், எவளோ ஒருத்தியோடு போயிருப்பான். விசாரிக்க வந்த அதிகாரியும் கெட்டவரில்லை. அன்றைக்குப் பாறையில் நின்றவர்கள் எடுத்த படங்களையெல்லாம் வரவழைத்துப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். ஒன்றிலும் வள்ளம் இல்லை. ஒரு சாட்சி பொய் சொல்லலாம், இத்தனை சாட்சியும் பொய் சொல்லுமா என்று கேட்டாராம்.

பாறைத்துறைக் கடற்கரையில் கடலில் போனவர்களின் பேர் வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. அதில் ரெஜின் பேர் இல்லை. அவனுக்கு அடக்கப் பூசையும் வைக்கவில்லை. உயிரோடு ஓடிப்போனவனுக்கு எப்படிப் பூசை வைப்பது என்பது கமிட்டியின் கேள்வி.

"அப்பா ஓடிப்போயிட்டாருன்னு பள்ளிக்கூடத்துல எம்புள்ளகிட்ட சொல்லுகாவ. நான் அவரு செத்துட்டாருன்னு நிரூபிக்க அலையிறேன் அண்ணே. எந்தப் பொண்டாட்டியாவது இதுக்கு அலைவாளா?"

எனக்கு உண்மையிலேயே எரிச்சலாக இருந்தது. அவள்மேல் இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று. இந்தப் படங்களை அவள் எப்படிச் சேர்த்தாள் என்று கேட்டேன். அன்றைய தேதியில் பாறைத்துறைச் சூரியனை இணையத்தில் போட்டிருந்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிக் கெஞ்சியிருக்கிறாள். பாதிப் பேர் கொடுத்தார்கள். சிலர் பைத்தியம் என்று நினைத்து விலக்கிவிட்டார்கள்.

அவள் நினைத்தது சுவரில் அடித்த வெள்ளையைச் சுரண்டினால் அடியில் பழைய சுவர் தெரியும் என்கிற மாதிரி. அப்படி இல்லை என்று விளக்க, கடைச் சுவரில் மழைநீர் இறங்கிய கறையை அவள் கண்முன்னால் போனில் எடுத்துக் காட்டினேன். படத்தில் சுவர் புத்தம் புதிதாக இருந்தது.

"இந்தக் கறை எங்கயும் ஒளிஞ்சு கெடக்கலம்மா. நாங்க கொத்தனார்னு சொல்லுறோமே, அது பாத்துச்சு, வேண்டாம்னு நெனச்சுச்சு, அந்த நிமிசமே தூரப் போட்டாச்சு. கம்பெனி மொதலாளியே வந்து கேட்டாலும் கெடைக்காது."

அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு, அப்ப அவரு கொத்தனாருக்குக் கறையா என்று கேட்டாள். கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி அனுப்பி வைத்தேன். படங்களை மட்டும் என் கணினியில் ஏற்றிக்கொண்டேன். பார்க்கிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஆனால் பார்த்தேன். மனசு கேட்கவில்லை என்பதுதான் காரணம், வேறு பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. தினமும் மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சூரியன் மறைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை சூரியனைப் பார்த்தால் எவனுக்கும் சலித்துவிடும். எல்லாம் ஒரே அச்சு. சிவப்பின் கனம்கூட மாறவில்லை.

அப்படித்தான் ஒரு நாள் கோமதியின் படத்தில் கண் நின்றது. தென்காசிப் பக்கத்து டீச்சர். மற்றவர்கள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க, இவர் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறார். கணவர் கடலுக்கு முதுகைக் கொடுத்து எடுத்திருக்கிறார். பின்னால் கரை முழுக்க மஞ்சள் வெயில். டீச்சர் கறுப்புக் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் வெயில் இல்லை.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணப் பெண்ணின் நிறத்தை வெளுப்பாக்கிவிட்டதென்று பெரிய வழக்காகி, முகத்தையும் முகத்தில் போட்டிருப்பதையும் தொடக் கூடாது என்று கொத்தனார் கையைக் கட்டிப்போட்டார்கள். மூக்குத்தி, பொட்டு, கண்ணாடி, எல்லாம் உள்ளபடியே வரும். கோமதியின் கூலிங்கிளாஸில் அன்றைக்குப் பாறைத்துறையில் உண்மையாக இருந்த சாயங்காலம் இருந்தது.

சாம்பல் வானம். சூரியனே இல்லை. அன்றைக்கு முழு மேகமூட்டம். அத்தனை பேரும் உள்ளங்கையில் ஏந்தியது போன் திரையைத் தவிர வேறெங்கும் இல்லாத சூரியனை. எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிதாக்கிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வலது கண்ணாடியில் ஓரமாகச் சரிந்த ஒரு கறுப்புக் கோடு. இடது கண்ணாடியிலும் அதே கோடு. அதன்மேல் செங்குத்தாக ஒரு குச்சி, குச்சியின் நுனியில் மஞ்சளாக ஒரு புள்ளி.

பிரிஸ்காவை வரச் சொன்னேன். திரையைத் திருப்பி வைத்தேன். அவள் மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"துடுப்புல சட்டையக் கட்டித் தூக்கியிருக்காரு," என்றாள். "எங்க ஊரு ஃபுட்பால் டீம் சட்டை. மஞ்ச. ஆபத்துன்னா அப்படித்தான் தூக்குவாவ. பாக்கவன் வந்திருவான்."

அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. உயிரோட நின்னிருக்காரு, இத்தன பேரு பாக்க நின்னிருக்காரு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அந்தத் தண்ணீரை நான் குடித்தேன்.

கோமதி டீச்சருக்குப் போன் போட்டது அவள்தான். ஒலிபெருக்கியில் வைத்தாள். யார் பேசுவது என்று சொன்னாள். நீங்க படம் கேட்ட அன்னையிலிருந்து எனக்குச் சரியாத் தூக்கமில்லம்மா என்றார் டீச்சர்.

"நான் பாத்தேன். என்னமோ மஞ்சளா ஆடுதுன்னு எங்க வீட்டுக்காரங்ககிட்ட சொன்னேன். அவுக திரும்பிப் போன்ல கடலை எடுத்து எங்கிட்டக் காட்டுனாக. அதுல ஒண்ணுமே இல்ல. ஒன் கண்ணாடியில தூசியா இருக்கும், தொடச்சிட்டுப் பாருன்னாக. நானும் தொடச்சேன். தொடச்சிட்டுப் போனைத்தான் பாத்தேன். கடலைப் பாக்கல."

பிரிஸ்கா அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். இதை எங்க கமிட்டியில வந்து சொல்லுவியளா டீச்சர் என்று கேட்டாள். வாறேன் என்றார். சொன்னபடி வந்தார்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. மேகத்தைப் பூசியது சரி, சூரியனை வைத்ததும் சரி. மீன்பிடிக்கிற ஊர்க் கடலில் ஒரு வள்ளத்தை ஏன் துடைக்க வேண்டும்? மற்ற ஊர்க் கடற்கரைப் படங்களில் படகு வருகிறதே. கம்பெனியில் எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் இருக்கிறார். கெஞ்சிக் கேட்டதில் பார்த்துச் சொன்னார். பாறைத்துறையில் சாயங்கால நேரத்தில் எடுத்த படங்களில் படகு என்று ஒன்று இருந்ததே இல்லையாம். இல்லாத ஒன்று திடீரென்று வந்தால் அதைக் கறை என்றுதான் அது நினைக்குமாம். இயந்திரத்தில் பிழை இல்லை சார், உங்க கடலே அப்படி என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள் பிரிஸ்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். படகு இல்லாத மீனவக் கிராமமாம், எவனாவது கேட்டால் சிரிப்பானா இல்லையா என்று கொத்தனாரையும் அவன் வம்சத்தையும் ஏசினேன். அவள் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சுத்திப்பாக்க ஆளுவ வாறது ஞாயித்துக்கிழமதானே அண்ணே," என்றாள்.

நான் ஏசுவதை நிறுத்தினேன்.

"மத்த நாளு சாயங்காலம் எங்க கடலு முழுக்க வள்ளம்தான். பாறையில ஒரு காக்கா இருக்காது. ஞாயித்துக்கிழம பாறை முழுக்க ஆளு, கடலுல ஒரு வள்ளம் இருக்காது. அது என்னத்தப் பாத்துப் படிக்கும்? கொத்தனார ஏசாதீங்க. எங்க ஊரும் அதத்தான சொல்லிச்சு? ஞாயித்துக்கிழம எவன் கடலுல இருப்பான்னுதான கேட்டாவ?"

ஊர்க் கமிட்டி கோவில் பக்கத்து மண்டபத்தில் கூடியது. பங்குச் சாமியார் இருந்தார். கமிட்டித் தலைவர் பிலவேந்திரன் இருந்தார், அறுபது வயதுக்காரர், கடல் தின்ற முகம். படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். கோமதி டீச்சர் எழுந்து நின்று சொன்னார். சொல்லும்போது கூலிங்கிளாஸைக் கையில் பிடித்திருந்தார், அதையே கமிட்டி முன்னால் வைத்தார். பிரிஸ்கா கொத்தனார் எதைப் பார்த்துப் படித்தான் என்பதைச் சொன்னாள். எனக்கு இருந்த கோபம் அவளிடம் இல்லை. மீன் விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

பிலவேந்திரன் படத்தின் அருகே போய் அந்த மஞ்சள் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு மைதானத்தில் விளையாடிய அணியை நடத்துகிறவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த மைதானம் இருக்கிறது.

"தெய்வமே, நாம கடலப் பாக்காத நாளுல தூக்கியிருக்கான்," என்றார். எழுதி வைத்துக்கொள்ளாமலே முடிவு எடுத்தார்கள். ரெஜினுக்கு அடக்கப் பூசை வைப்பது, கல்லில் பேர் வெட்டுவது, அவன் போன கிழமையிலேயே எல்லா வள்ளங்களும் கடலில் இறங்கிப் பூ போடுவது. சாமியார் ஞாயிற்றுக்கிழமையா என்று ஒரு தடவை கேட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் சாமி என்றார் பிலவேந்திரன். சாமியார் தலையாட்டிவிட்டார்.

நானும் போயிருந்தேன். போக வேண்டும் என்று அவசியமில்லை, இருந்தாலும் போனேன். பூசை முடிந்து சாயங்காலம் கரைக்கு வந்தோம். அன்றைக்கும் மேகமூட்டம்தான். அந்தக் கரையில் பிறந்த ஒருவரும் அதுவரை பார்த்திராத காட்சியாக, ஞாயிற்றுக்கிழமை அன்று வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. ஒவ்வொன்றிலும் துடுப்பில் மஞ்சள் சட்டை கட்டியிருந்தது. பாறையில் வழக்கம்போலச் சுற்றுலாக்காரர்கள். அவர்களும் போனைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் போனைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், மறுபடியும் போனைப் பார்த்தார்கள். ஒரு பையனின் அப்பா போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிப் பையில் போட்டார்.

நானும் ஒன்று எடுத்தேன். தெரிந்தேதான் எடுத்தேன். படத்தில் சிவந்த வானம், தங்கச் சூரியன், துடைத்துவிட்ட கடல். கடல் நிறைய வள்ளங்கள் நிற்க, என் கையில் இருந்த கடலில் ஒன்றுகூட இல்லை. அதை அவளிடம் காட்டாமல் அழித்துவிட நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டாள்.

"இன்னும் எத்தன ஞாயிறு நின்னா இது படிக்கும் அண்ணே?"

வருஷக்கணக்கில் ஆகும், அத்தனை ஞாயிறு நீங்கள் நிற்க முடியாது என்றேன். எனக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. இந்தக் கடையும் இந்தக் கம்பெனியும் இந்தப் போனும் போதும் என்று இருந்தது.

அவள் மணலில் நடந்து போனாள். தொப்பி, பாசிமணி, கூலிங்கிளாஸ் விற்கிறவனிடம் நின்று ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். அவன் காட்டிய நாகரிகமானதையெல்லாம் தள்ளிவிட்டு, முகத்தில் பாதியை மூடுகிற அகலமான கறுப்புக் கண்ணாடியை எடுத்தாள். திரும்பி வந்து, கறுப்புச் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடலைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள். என்னைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னாள்.

"இப்ப எடுங்க," என்றாள்.

எடுத்தேன். படத்தில் அவளுக்குப் பின்னால் இருந்த கரை சுத்தமாக இருந்தது, உலர்கிற வலையும் இல்லை, மனிதர்களும் இல்லை. முகம் இருந்தது. கண்ணாடியில் சாம்பல் வானம் இருந்தது. வானத்துக்குக் கீழே, இரண்டு கண்ணாடியிலும், வரிசையாக வள்ளங்கள் நின்றன. அவற்றின்மேல் மஞ்சள் புள்ளிகள்.

எல்லாம் வந்திருக்கா என்று கேட்டாள். வந்திருக்கும்மா என்றேன். போனை வாங்கிப் பார்க்கக் கை நீட்டவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளங்கள் திரும்பின, இருட்டியது, கரையில் இருந்தவர்கள் கலைந்தார்கள். நான் பஸ் ஏறும்போதும் அவள் அந்தக் கண்ணாடியைக் கழற்றியிருக்கவில்லை.